ஆலாம்புதூர் ஒம்போது ஏ

அவரை எதுக்குங்க கேக்கறீங்க? கண்டக்டருங்க அவரு. டிக்கெட் கிழிக்கத் தெரியும், சில்லறை இல்லைன்னு சொல்லத் தெரியும். வண்டி எப்ப எங்க போய்ச் சேரும்னு அவருக்கு என்னங்க தெரியும்? என்னைக் கேளுங்க. உக்காருங்க, ஜன்னலோரம் வேணும்னா நான் இப்படி வந்துக்கறேன். ஆலாம்புதூருங்களா? போகும், போகும். கடைசி ஸ்டாப்பே அதுதான். கோழிப்பண்ணை பாக்கப் போறீங்களாக்கும். வெளியூர்க்காரங்க வேற எதுக்கு அங்க வரப்போறாங்க? வேற என்ன இருக்குது அந்த ஊர்ல?

எனக்கு எப்படித் தெரியும்ங்கறீங்களா? உங்க போனை எடுங்க. 'வந்தாச்சு'ன்னு தேடுங்க. ஆப்புங்க. இந்தச் செங்காட்டூர் டவுன் பஸ் அத்தனையும் அதுல இருக்குது. எந்த வண்டி, எந்த ஸ்டாப்பு, எப்ப வரும், எல்லாம். செஞ்சது நான்தானுங்க. ஈஸ்வரமூர்த்தி. சாஃப்ட்வேர் டெவலப்பர். அடுத்தவன்கிட்டக் காசு வாங்கிச் செஞ்சதில்லீங்க, சும்மா செஞ்சது. சம்பளத்துக்குன்னு ஒரு பெங்களூர்க் கம்பெனி இருக்குது, வீட்ல இருந்தே வேலை. அமெரிக்காவுல ஒருத்தன் சோபா வாங்கினா, அந்த சோபா இப்ப எந்த லாரியில எங்க வருதுன்னு அவனுக்குக் காட்டோணும். அதுதான் என்ற வேலை. சோபாவுக்கு அங்க இருக்கற மரியாதை இங்க மனுசனுக்கு இல்லீங்க. நம்மாளு பஸ் ஸ்டாண்டுல கம்பத்துல சாஞ்சுட்டு, வந்தா வருது வராட்டிப் போகுதுன்னு நிப்பான்.

எங்க டீம்ல எல்லாத்துக்கும் ஒரு பொழுதுபோக்கு இருக்குதுங்க. ஒருத்தன் வீட்ல ரொட்டி சுடறான். சுட்டுத் திங்கோணுமல்ல? போட்டோ எடுத்துப் போடுவான். இன்னொருத்தன் கீபோர்டா வாங்கி அடுக்கறான். சத்தம் நல்லா இருக்குதாமா. தட்டறதுக்கு வாங்கறானா, கேக்கறதுக்கு வாங்கறானா? எங்க மேனேஜர் மாரத்தான் ஓடறாரு. எதுக்கு ஓடறீங்கன்னு கேட்டா பதில் வராது, மூச்சுத்தான் வரும். நான் அப்படியில்லீங்க. எனக்குப் பஸ்ஸு. இது பொழுதுபோக்கில்லை, ஆராய்ச்சி. 'ஒம்போது ஏ'ன்னு ஒரு வண்டி இருக்குதே, வெறும் ஒம்போதுன்னு ஒரு வண்டி ஏன் இல்லைன்னு இந்த ஊர்ல ஒருத்தனாச்சும் யோசிச்சிருப்பானா? நான் யோசிச்சேன். லீவு நாள்ல ஒவ்வொரு வண்டியா ஏறி, கடைசி வரைக்கும் போயி, திரும்பி வந்து, ஸ்டாப்பு ஸ்டாப்பாக் குறிச்சுச் செஞ்சது இது. ஹாரன் சத்தத்துலயே எந்த வண்டின்னு சொல்லுவேன். எங்கம்மா சொல்லுவாங்க, "பஸ்ஸையே கட்டிக்கடா, பொண்ணு பாக்கற செலவு மிச்சம்"னு. படிக்காதவங்க, விடுங்க.

சரி, செஞ்சாச்சு. ஊரே கையெடுத்துக் கும்புட்டிருக்கோணும். என்ன வந்துச்சு தெரியுங்களா? புகாரு.

அதுவும் ஒரே ஆளு. அம்சவேணின்னு பேரு. "ஒம்போது ஏ ஆலாம்புதூருக்கு வரலை." அவ்வளவுதான், வேற ஒண்ணும் இருக்காது. அடுத்த நாளும் அதே. "இன்னைக்கும் வரலை." எங்க தொழில்ல ஒரு குறை வந்தா அதுக்கும் டிக்கெட்டுன்னுதான் பேரு. இந்தக் கண்டக்டர் கிழிக்கற டிக்கெட்டவிட அந்தம்மா எனக்குக் கிழிச்ச டிக்கெட்டு அதிகமுங்க. நானும் மரியாதையாத்தான் பதில் போட்டேன். "டிப்போ கால அட்டவணைப்படி தினமும் சாயங்காலம் வண்டி உண்டு. உங்க கடியாரத்தைச் சரி பாத்துக்குங்க"ன்னு. வேலைவெட்டி இல்லாத வயசான அம்மா போல, பொழுது போகாமக் கெளப்பி விடுதுன்னு நெனச்சேன். ஓசியில குடுத்தா இப்படித்தானுங்க. பல்லைப் புடிச்சுப் பாப்பாங்க.

ஒரு நாள் கொஞ்சம் நீளமா வந்துச்சு. "டிப்போவுல மனு குடுத்தோம். மேனேஜரு உங்க ஆப்பை எடுத்துக் காட்டி, இதுல வண்டி போகுதுன்னு போட்டிருக்குதே, நீங்க பொய் சொல்றீங்களான்னு கேக்கறாரு. உங்க ஆப்பை வெச்சுத்தான் எங்க வாயை அடைக்கறாங்க."

எனக்கு அதைப் படிச்சதும் சந்தோசமாப் போச்சுங்க. அரசாங்க டிப்போவே என்ற ஆப்பைப் பாக்குதுன்னு. அம்மாகிட்டச் சொன்னேன். அவங்க, "அப்ப அந்தப் பொம்பளைங்க எப்படிடா ஊடு போய்ச் சேருவாங்க?"ன்னு கேட்டாங்க. எதுல எதை முடிச்சுப் போடறாங்க பாருங்க.

இருந்தாலும் ஒரு கணக்குன்னா நேர்ல சரிபாக்கற ஆளு நானு. போனேன். ஒரு நாள் லீவு போட்டுட்டு மத்தியான வண்டியில ஏறி, போனைக் கையில புடிச்சுட்டு, ஒவ்வொரு ஸ்டாப்புலயும் எட்டிப் பாத்துக் குறிச்சுட்டே போனேன். கண்டக்டர் என்னையே பாத்துட்டிருந்தாரு. பாத்துட்டு டிரைவர்கிட்டப் போயி காதுல என்னமோ சொன்னாரு. வண்டி ஜம்முன்னு மெயின் ரோட்டுப் பிரிவுல திரும்பி ஆலாம்புதூருக்குள்ள போச்சு. அங்க ஆலமரத்தடியில உக்காந்திருந்த ஆளுங்க எல்லாம் எந்திரிச்சு நின்னு பாக்கறாங்க. ஒருத்தர் வந்து, "ஏனுங்க, வண்டி வழி தவறிப் போச்சுங்களா?"ன்னு டிரைவரைக் கேக்கறாரு. சொந்த ஊருக்கு வர்ற பஸ்ஸையே அடையாளம் தெரியாத சனம்! கண்டக்டர் எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. "சாருக்கு எந்த ஆபீசு?"ன்னு ரொம்பப் பணிவாக் கேட்டாரு. நல்ல மனுசன்னு நெனச்சேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆப்புல எல்லாத்துக்கும் தெரியற மாதிரி எழுதிப் போட்டேன். "நேரில் வந்து சரிபார்த்தாச்சு. வண்டி ஆலாம்புதூர் வருகிறது. வீண் புகார் வேண்டாம்."

உடனே பதில் வந்துச்சு. "நீங்க பகல்ல வந்தீங்க. செக்கிங் ஆபீசருன்னு நெனச்சு உங்களுக்கு ஓட்டிக் காட்டுனாங்க. சாயங்காலம் வாங்க. போனைப் பையில போட்டுட்டு, சாதாரண ஆளு மாதிரி வாங்க."

சாதாரண ஆளு மாதிரியாம்!

போனேன். விட்டுர முடியுங்களா? வேட்டி கட்டிட்டு, அம்மாவோட காய்கறிப் பையை எடுத்துட்டு ஏறினேன். வண்டி நெறையப் பொம்பளைங்க. மில்லு வேலை முடிஞ்சு வர்றவங்க, ஸ்கூல் புள்ளைங்க. நான் ஒரு கம்பியப் புடிச்சுட்டு ஓரமா நின்னேன். பக்கத்து சீட்ல உக்காந்திருந்த ஒரு புள்ள நிமிந்து பாத்துச்சு. "நீங்கதானே வந்தாச்சு?"ன்னு கேட்டுச்சு. எப்படிக் கண்டுபுடிச்சீங்கன்னேன். "காய்கறிப் பையில லேப்டாப் வெச்சுட்டு ஆலாம்புதூருக்கு ஆருங்க வருவாங்க?"ங்குது. அதுதான் அம்சவேணி. வயசான அம்மா இல்லீங்க. டவுன்ல ஒரு ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ற வேலை. என்னைவிட ரெண்டு மூணு வயசு கம்மியா இருக்கலாம். நமக்கெதுக்கு அதெல்லாம்.

பிரிவு வந்துச்சு. இதோ இன்னும் சித்த நேரத்துல நீங்களே பாப்பீங்க, புளியமரம் நிக்கும், அங்கதான் ரோடு ரெண்டாப் போகும். வண்டி நின்னுச்சு. கண்டக்டர் வேற ஆளு அன்னைக்கு. "ஆலாம்புதூர்க்காரங்க எல்லாம் எறங்குங்க. வண்டி போகாது"ன்னாரு. அவ்வளவுதானுங்க. எல்லாரும் எந்திரிச்சு வரிசையா எறங்கறாங்க. ஒரு வார்த்தை இல்லை! கால் வீங்கின அம்மா ஒண்ணு, செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்குது. ஆடுகூடப் பட்டியத் தொறந்து விட்டா ரெண்டு சத்தம் போடுமுங்க.

எனக்குப் பொறுக்கலை. போனை எடுத்தேன். "கால அட்டவணையில ஆலாம்புதூர்னு இருக்குது, இங்க எப்படி நிறுத்தறீங்க?"ன்னு கண்டக்டர் மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். அவரு அதை வாங்கிக்கூடப் பாக்கலை. "போன்ல போகுதுங்களா? அப்ப போன்லயே ஏறிப் போங்க தம்பி"ன்னுட்டு விசில் அடிச்சுட்டாரு. வண்டி திரும்பிப் போயிருச்சு. ஷெட்டுக்குச் சீக்கிரம் போனா அவனுக்கு வீடு. பாதிப் பேரு இலவச டிக்கெட்டுப் பொம்பளைங்க, ஆரு கேக்கப் போறாங்கங்கற தைரியம்.

நடந்தோம். இருட்டிட்டு வருது, ரோடெல்லாம் குழி. அந்தப் புள்ள என்ற பக்கத்துலதான் நடந்து வந்துச்சு. நான் சொன்னேன், "பாருங்க, ஆப்புல தப்பில்லீங்க. ஆப்பு சரி. பஸ்தான் தப்பு"ன்னு. எவ்வளவு தெளிவா எடுத்துச் சொல்றேன் பாருங்க. அதுக்கு அது, "சரிங்க. ஆனா நடக்கறது நாங்கதானே?"ன்னுச்சு.

அந்தக் கால் வீங்கின அம்மாவோட பையை வாங்கி என்ற கையில குடுத்துச்சு. கேக்கவே இல்லீங்க, குடுத்துச்சு. அரிசி. தூக்கிட்டுப் போனேன். ஊருக்குள்ள போனதும் ஒருத்தரு மொபெட்ல என்னைத் திரும்பப் பிரிவுல கொண்டு வந்து விட்டாரு. வழியெல்லாம் அவருக்கு என்ற ஆப்பைப் பத்தி வெளக்கிட்டே வந்தேன். எறங்கறப்ப, "எனக்குக் காது கேக்காதுங்க"ன்னாரு.

அப்பறம் நான் தூங்கலைங்க. பாவப்பட்டுன்னு நெனைக்காதீங்க. ஒரு கண்டக்டர் என்னைப் பாத்து போன்ல ஏறிப் போன்னு சொல்றதா? சோபாவுக்குச் செய்யறதை இந்த ஓட்டை பஸ்ஸுக்குச் செய்ய முடியாதா நமக்கு? செஞ்சேன். வண்டியில ஏறுன ஆளு ஆப்புல ஒரு பட்டனை அமுக்கினாப் போதும், அவங்க போன் எங்க போகுதோ அதை மேப்புல கோடு போட்டுட்டே வரும். ஆலாம்புதூர்ப் பொம்பளைங்களுக்கெல்லாம் அமுக்கறதுக்குச் சொல்லிக் குடுத்தது அம்சவேணிதான். நான் சொல்லிக் குடுத்தா அவங்களுக்குப் புரியலையாம். அமுக்கறதுல என்னங்க புரியறதுக்கு இருக்குது?

கொஞ்ச நாள்ல மேப்பைப் பாத்தா, தினமும் கோடு பிரிவு வரைக்கும் வருது, அங்க அப்படியே மடங்கித் திரும்பிப் போகுது. பட்டன் அமுக்குன போனுங்க மட்டும் அங்கிருந்து ஊருக்குள்ள எறும்பு மாதிரி ஊந்து போகுது. பாக்கறதுக்கே அசிங்கமா இருந்துச்சு. அதை எடுத்துட்டு அந்தப் புள்ள கலெக்டர் ஆபீசுல குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போச்சு. நான் போகலை, எனக்கு மீட்டிங். அங்க டிப்போ மேனேஜரு பழையபடி என்ற ஆப்பை எடுத்துக் காட்டப் போனாராம். தொறந்தா, அதுலயே கோடு மடங்கி நிக்குது. மனுசன் போனை மூடிப் பையில வெச்சுட்டாராம். அந்தப் புள்ள போன்ல இதைச் சொல்லிச் சிரிச்சுச்சு. சிரிப்புன்னா, மூச்சு வாங்கற சிரிப்பு. எனக்கு மீட்டிங்ல பேர் சொல்லிக் கூப்பிட்டதே காதுல விழுகலை.

அடுத்த வாரமே வண்டி வந்துருச்சு. தினமும், ஊருக்குள்ள.

இப்பக் கேளுங்க கூத்தை. ஊர்ல விழா எடுத்தாங்க. ஆருக்கு? பஸ்ஸுக்கு. முன்னாடி வாழை கட்டி, தேங்காய் ஒடச்சு, டிரைவருக்குத் துண்டு போத்தி, கண்டக்டருக்கும் போத்தினாங்க. ஆமாங்க, அதே கண்டக்டருக்கு! எறக்கி விட்டு நடக்க வெச்சவனுக்குத் துண்டு. டிப்போ மேனேஜரு மைக்கைப் புடிச்சு மக்கள் சேவைன்னு பேசறாரு. சனம் கை தட்டுது. அம்சவேணியும் பேசுச்சு. ஊர்க்காரங்களுக்கு நன்றி, மனுவுல கையெழுத்துப் போட்டவங்களுக்கு நன்றி, டிரைவரண்ணனுக்கு நன்றி. என்ற பேரு வரலை. நான் ஆலமரத்துக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தேன். எனக்கு என்னங்க, துண்டு வேணுமா? வீட்ல நாலு கெடக்குது.

எல்லாம் முடிஞ்சு அது ஒரு தட்டுல புளிசாதம் போட்டு எடுத்துட்டு நேரா என்ற கிட்ட வந்துச்சு. "உங்க பேரைச் சொன்னா நீங்க மைக்கைப் புடுங்கி ஆப்பு எப்படிச் செஞ்சீங்கன்னு வெளக்க ஆரம்பிச்சிருவீங்க. பஸ் கெளம்பிடும். அதான் சொல்லலை"ன்னுச்சு. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க. "சாப்பிடுங்க"ன்னு நின்னு பாத்துட்டே இருந்துச்சு. சாதத்துல உப்பு அதிகம். அதைச் சொன்னேன். "பொய் சொல்லத் தெரியாது உங்களுக்கு, இல்லீங்களா?"ன்னுச்சு. தெரியாதுன்னேன்.

அதோட சரிங்க. புகாரு நின்னு போச்சு. வண்டி ஒழுங்கா வருது, புகார் எதுக்கு வரும்? காலையில எழுந்து பாப்பேன், ஒண்ணும் இருக்காது. மீட்டிங்குக்கு நடுவுல பாப்பேன், ஒண்ணும் இருக்காது. ஒரு மனுசனை அத்தனை நாளு அத்தனை கேள்வி கேட்டுட்டு, காரியம் முடிஞ்சதும் ஒரு வார்த்தை கெடையாது. இதுதாங்க நம்ம சனத்தோட புத்தி. எங்கம்மா, "ஆரு கூப்புடுவாங்கன்னுடா போனையே மொறச்சுட்டு இருக்கற?"ங்கறாங்க. கம்பெனி வேலைன்னேன்.

எங்க தொழில்ல டெஸ்டிங்னு ஒண்ணு உண்டுங்க. வேணும்னே ஒரு தப்பை உள்ள விட்டு, ஆராச்சும் கண்டுபுடிக்கறாங்களான்னு பாக்கறது. எல்லாரும் செய்யறதுதான். ஆப்பை ஆரு உண்மையாப் பாக்கறாங்கன்னு தெரியோணுமல்ல? அதுக்காக ஞாயித்துக்கெழமை சாயங்கால வண்டியை மட்டும் ஆப்புல அரை மணி நேரம் தள்ளிப் போட்டேன். ஆலாம்புதூர் வண்டியை. வேற வண்டியை ஏன் போடலைன்னு கேக்கறீங்களா? ஒண்ணுல போட்டுப் பாத்தாப் போதுமுங்க. அதுதான் முறை.

ஒரு ஞாயிறு போச்சு, புகார் இல்லை. ஆலாம்புதூர்க்காரங்க ஆரு ஆப்பைப் பாக்கறாங்க, ஹாரன் சத்தம் கேட்டா ஓடி வந்து ஏறிக்குவாங்க. போன ஞாயித்துக்கெழமை என்னாச்சுன்னா, பஸ் ஸ்டாண்டுல சொன்னாங்க, திருப்பூர்ல இருந்து ஒரு குடும்பம் ஆலாம்புதூர் போறதுக்கு இங்க வந்திருக்குது. பொண்ணு பாக்க. வெளியூர்க்காரங்களாச்சே, மாப்பிள்ளைப் பையன் ஆப்பைப் பாத்து, இன்னும் நேரமிருக்குதுன்னு எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயி ஓட்டல்ல போண்டா சாப்பிட்டிருக்கறான். வந்து பாத்தா வண்டி போயிருச்சு. அடுத்த வண்டிக்கு நின்னா நல்ல நேரம் தாண்டிரும்னு, வீட்டுப் பெருசுங்க சகுனம் சரியில்லைன்னு திருப்பூருக்கே திரும்பிட்டாங்க.

ஆரைப் பாக்க வந்தாங்கங்கறீங்களா? அதைத்தான். அம்சவேணியை.

ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. பொண்ணு பாக்கற நாளும் அதுவுமா, பக்கத்துல நிக்கற ஒரு ஆளைக் கேக்க மாட்டானா? ஒரு ஆட்டோ புடிக்க மாட்டானா? போன்ல என்ன போட்டிருக்குதோ அதை அப்படியே நம்பிட்டு போண்டா திங்கறவன், நாளைக்கு ஒரு பொண்ணை எப்படி வெச்சுக் காப்பாத்துவான்? ஒரு வகையில நான் அந்தப் புள்ளைக்கு நல்லதுதான் பண்ணியிருக்கறேன்.

நேத்து போன் வந்துச்சு. அதுவே பேசுச்சு. "ஞாயித்துக்கெழமை நேரம் தப்பா இருக்குதுங்க. வேணும்னே போட்டீங்களா?"

டெஸ்டிங் பத்தி வெளக்கினேன். ஆரம்பத்துல இருந்து, எப்படிச் செய்யறது, எதுக்குச் செய்யறது, பெரிய கம்பெனிங்க எல்லாம் எப்படிச் செய்யறாங்கன்னு. எல்லாம் கேட்டுச்சு. நான் முடிச்சதும், "ஈஸ்வரமூர்த்தி"ன்னுச்சு. அதுவரைக்கும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லைங்க. "என்னைப் பாக்கணும்னா பஸ் ஏறி வந்துட்டுப் போறது. அதுக்கு எதுக்கு ஊருக்கே நேரத்தை மாத்தறீங்க?"

என்ன திமிருங்க! என்ன நெனப்பு! போனைக் கட் பண்ணிட்டேன். பதினஞ்சு வருசமா இந்தத் தொழில்ல இருக்கறவன் நானு, டெஸ்டிங்குன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? ரத்தம் எடுக்கற புள்ள சொல்லித் தரோணுமா?

அதான் இன்னைக்குக் கெளம்பிட்டேன். இப்படி ஒரு பேச்சை அப்படியே விட்டுர முடியாதுங்க. நேருக்கு நேரா உக்காந்து, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைன்னு தெளிவாச் சொல்லிட்டு வந்துரோணும். பையில என்னங்களா? மைசூர்பாகு. அதையும் பாத்துட்டீங்களாக்கும். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோட போற வழக்கம் நம்ம பக்கம் இல்லீங்க. சட்டை புதுசில்லை. போன தீவாளிக்கு எடுத்தது, இப்பத்தான் பிரிக்கறேன். மூத்தவங்க ஆராச்சும் கூட வந்தா நல்லதுன்னு எங்கம்மா கெளம்பினாங்க. எதுக்கு? நான் பேசப் போறது சாஃப்ட்வேரு.

இந்தாங்க, ஊர் வந்துருச்சு. கோழிப்பண்ணை அந்த இட்டேரி வழியாப் போகோணும், ரெண்டு பக்கமும் வேலி இருக்குதே, அந்தத் தடம். நீங்க முன்ன எறங்குங்க. நான் சித்த உக்காந்திருக்கறேன். டிரைவர் டீ குடிச்சுட்டுத்தான் வண்டியத் திருப்புவாரு. வேணும்னா நான் இதுலயே திரும்பிப் போயிட்டு, சாயங்கால வண்டியில வந்துக்கலாம். ஒண்ணும் அவசரமில்லை. சொல்லப்போனா இதையெல்லாம் போன்லயே சொல்லிருக்கலாம்.

ஆருங்க? ஒரு புள்ள நம்ம வண்டியவே பாக்குதுங்களா? எங்க? அந்தக் கம்பத்துக்குப் பக்கத்துலயா?

அவதான். இந்த வண்டியில ஏறப் போறாளாக்கும். டவுனுக்கு என்னமோ வேலை போல... இல்லையே, எல்லாரும் ஏறறாங்க, அவ ஏறலையே. அங்கயே நின்னுட்டு ஜன்னல் ஜன்னலாப் பாத்துட்டு வர்றா. இந்த வண்டியிலதான் வருவேன்னு இவளுக்கு ஆரு சொன்னாங்க? நான் வந்தா உண்டு, வராட்டி என்ன பண்ணியிருப்பா?

சித்த அக்கட்டால நவுருங்க, எறங்கிக்கறேன். பாருங்க, இந்த வெயில்ல ஒரு கொடைகூட இல்லாம நிக்கறா. கொஞ்சமாச்சும் அறிவிருக்குதுங்களா அவளுக்கு?